இஞ்ச் டேப்போடு கப்பலேறுங்கள்

எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வீட்டுக்குள் சமையலறை, பூஜையறை, திண்ணை என்று நடப்பதில் சிரமம் இல்லை. தெருமுனை மளிகைக் கடை வரை போய்விட்டால் திரும்பி வர ஆட்டோ வேண்டும். அட்லாண்டாவில் இருக்கும் மகள் எங்களை இரண்டு முறை கரீபியன் கடலுக்குக் கப்பலில் கூட்டிப்போனாள். இரண்டும் ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஏழு நாள் பயணங்கள். இரண்டு முறையும் எனக்கு வாடகை ஸ்கூட்டர். நம் ஊரில் ஸ்கூட்டர் என்றால் வேறு. இது பாட்டரியில் ஓடும், நாற்காலி வைத்த மூன்று அல்லது நான்கு சக்கர வண்டி. மணிக்கு ஆறு கிலோமீட்டர் போனால் பெரிய வேகம். முதல் பயணத்தில் பட்ட பாட்டை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். இரண்டாவது பயணம் அந்த நோட்டால்தான் நன்றாக நடந்தது. அதிலிருந்து சில:

1. ஸ்கூட்டரா, வீல்சேரா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெரிய கப்பல்கள் முந்நூறு மீட்டர் நீளத்தைச் சாதாரணமாகத் தாண்டும். ‘ஒயாசிஸ்’ வகைக் கப்பல்கள் 360 மீட்டர். கேபின் முன்பக்கமும் சாப்பாட்டுக் கூடம் பின்பக்கமும் அமைந்துவிட்டால், ஒரு காபி குடித்துத் திரும்புவதற்குள் அரை கிலோமீட்டர் நடந்திருப்போம். பத்தடி நடக்க முடியும், இருநூறு அடி முடியாது என்பவர்களுக்கு ஸ்கூட்டர் பொருத்தம். கை நடுக்கம், பார்வைக் குறைவு, அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்களுக்கு வீல்சேரும், தள்ள ஒரு ஆளும். கப்பலிலேயே வீல்சேர் இருக்குமே என்று நம்பிப் போகாதீர்கள். அது ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அவசரத்துக்கும்தான். ஏழு நாளும் வைத்துக்கொள்ளத் தரமாட்டார்கள்.

2. ஊரிலிருந்து ஸ்கூட்டரைக் கொண்டுபோக நினைக்க வேண்டாம். விமானத்தில் பாட்டரிக்கு ஆயிரம் விதிமுறை. கப்பல் கிளம்பும் ஊரில் வாடகைக்கு எடுப்பதே நிம்மதி.

3. ஓட்டிப் பழகாமல் கப்பல் ஏறாதீர்கள். அமெரிக்காவில் வால்மார்ட் போன்ற பெரிய கடைகளின் வாசலில், நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கென்று கூடை வைத்த பாட்டரி வண்டிகள் நிற்கும். காசு கிடையாது. அதில் ஒரு வாரம், கூட்டமில்லாத காலை நேரத்தில், பருப்பு வரிசைக்கும் பால் வரிசைக்கும் நடுவே வளைத்து வளைத்து ஓட்டினேன். மூன்றாம் நாள் தக்காளிக் கூடையை இடித்தேன். கப்பலில் ஒரு தாத்தாவின் காலை இடிப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

4. இனி இஞ்ச் டேப். முதல் பயணத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் போனில், “எல்லா வசதியும் இருக்கு மேடம், கவலையே படாதீங்க” என்றார். நாங்களும் படவில்லை. கேபின் வாசலில் போய் நின்றால் ஸ்கூட்டர் உள்ளே நுழையவில்லை. வாசல் 23 இஞ்ச், வண்டி 24 இஞ்ச். நடைபாதையில் நிறுத்தவும் கூடாது என்றார்கள் (அதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன்). கடைசியில் வேறு தளத்தில் ஒரு சாமான் அறையில் வண்டி தூங்கியது. தினமும் காலையில் போன் போட்டு, யாராவது கொண்டுவரும்வரை கட்டிலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நாளும்.

ஆகவே “வசதி உண்டா?” என்று கேட்காதீர்கள், “எத்தனை இஞ்ச்?” என்று கேளுங்கள். சாதாரண கேபின் கதவு 22, 23 இஞ்ச்தான் இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான ‘ஆக்சஸிபிள்’ கேபினில் 32 இஞ்சோ அதற்கு மேலோ இருக்கும். வண்டியைத் திருப்ப உள்ளே ஐந்தடி வட்டம் இடம் விட்டிருப்பார்கள். ஸ்கூட்டர் வாடகைக்காரரிடமும் அதே கேள்வி: அகலம் எத்தனை இஞ்ச், நீளம் எத்தனை, எவ்வளவு எடை தாங்கும்? பிரித்து எடுத்துப்போகும் சிறிய ரகம் பெரும்பாலும் 19 முதல் 22 இஞ்ச் அகலம். பதில்களை ஈமெயிலில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னது கடற்காற்றோடு போய்விடும்.

5. குளியலறையையும் அளக்கச் சொல்லுங்கள். சாதாரண கேபினில் தண்ணீர் வெளியே வராமலிருக்கக் குளியலறை வாசலில் உயரமான படி இருக்கும். ராத்திரி தூக்கத்தில், கப்பல் ஆடும்போது, முழங்கால் மடங்காதவர்களுக்கு அந்தப் படி ஒரு மலை. ஆக்சஸிபிள் கேபினில் படி இருக்காது. பிடித்துக்கொள்ளக் கம்பி, ஷவருக்குக் கீழே மடக்கு இருக்கை, உயரமான கம்மோடு எல்லாம் இருக்கும். அதிலும் ரகங்கள் உண்டு. ‘ஆம்புலேட்டரி’ என்று போட்டிருந்தால் கைத்தடியோடு நடப்பவர்களுக்கானது. வண்டி உள்ளே வரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இந்த கேபின்கள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான். கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்கு முன்பே போய்விடும். மகள் இரண்டாம் முறை பதினோரு மாதம் முன்னால் போட்டாள். லிஃப்ட் பக்கத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். நடுவில் ஆட்டமும் குறைவு.

6. கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை, சட்டமே நம் பக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990-இல் வந்தது. ஆனால் இந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா என்று வேறு நாட்டுக் கொடி பறப்பவை. அவற்றுக்கும் அந்தச் சட்டம் செல்லுமா என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அமெரிக்கக் கடல் எல்லைக்குள் செல்லும் என்று 2005 ஜூனில் தீர்ப்பானது. கப்பல் கம்பெனிகள் சிறப்புத் தேவைகளுக்கென்று ஒரு படிவமும் தனிப் பிரிவும் வைத்திருக்கின்றன. டிக்கெட் போட்ட கையோடு அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். ஸ்கூட்டர் கொண்டுவருவதையும் அதில் எழுதுங்கள்.

7. வாடகைக்கு யாரிடம் எடுப்பது? முதலில் கப்பல் கம்பெனியைக் கேளுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட வாடகைக்காரர்களைத்தான் பொதுவாகக் கப்பலுக்குள் வண்டி கொண்டுவர விடுவார்கள். ‘ஸ்பெஷல் நீட்ஸ் அட் ஸீ’, ‘ஸ்கூட்டரவுண்ட்’ போன்றவை இதே வேலையாக இருக்கின்றன. வண்டி கேபினுக்கே வருமா, துறைமுகக் கூடத்தில் தருவார்களா என்று தெளிவாகக் கேளுங்கள். கேபினுக்கு வரும் என்றால், கேபின் வரை நீங்கள் எப்படிப் போவீர்கள்? அதற்கு வீல்சேர் உதவியைத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். நான் ஏழு நாளுக்கு 245 டாலரும், சேதத்துக்கான காப்புத் தொகையும் கொடுத்தேன். உள்ளூர் ரூபாய்க் கணக்கில் பெருக்கிப் பார்த்து என் கணவர் முகம் சுருங்கியதைச் சொல்லவே வேண்டாம்.

8. மூன்று சக்கரமா, நான்கா? மூன்று சக்கரம் சட்டென்று திரும்பும். நெருக்கமான இடத்துக்கு நல்லது. நான்கு சக்கரம் சரிவிலும் மேடு பள்ளத்திலும் கவிழாமல் நிற்கும். கரையில் இறங்கிச் சுற்ற ஆசை இருந்தால் நான்கு.

9. விசா. அமெரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்பும் பயணம் இது. அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் அவர்களுக்குத் தேவைப்படாதது நமக்குத் தேவைப்படும். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகிறவர்களுக்கு ஒரு பொறி உண்டு. அமெரிக்கா 1886-இல் போட்ட ஒரு சட்டத்தால், வெளிநாட்டுக் கொடிக் கப்பல் வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆக வேண்டும். அதனால் கடைசி நாள் சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் நிறுத்துவார்கள். அந்தச் சில மணி நேரத்துக்காகக் கனடா விசா வேண்டியிருக்கும்.

10. மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே இருக்கும் நோய்களையும், கடலிலிருந்து கரைக்குத் தூக்கிவரும் செலவையும் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். கப்பல் டாக்டர் டாலரில்தான் பில் போடுவார்.

11. புடவைக்காரர்களே, சக்கரம் ஜாக்கிரதை! முந்தானை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் வண்டி நிற்கும், நாம் நிற்க மாட்டோம். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி ஒரு பின் குத்துங்கள். கொசுவம் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். சுடிதார் என்றால் துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடலாம். வேட்டிக்கும் இதே எச்சரிக்கை. நான் இரண்டாம் பயணத்தில் ஏழு நாளும் சுடிதார்தான். ஒரே ஒரு ராத்திரி, எல்லாரும் ஜம்மென்று உடுத்தும் விருந்துக்கு மட்டும் பட்டு.

12. பெட்டியில் வைக்க வேண்டியவை: முதலில் அரை டஜன் காந்தக் கொக்கிகள். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. ஆணி வேண்டாம், ஒட்டிவிடும். கைத்தடி, தொப்பி, துண்டு எல்லாம் தரையில் இல்லாமல் சுவரில் தொங்கினால் வண்டி திரும்ப இடம் கிடைக்கும். இதோடு ஒரு குளியல் தொப்பி: திடீர் மழையில் ஸ்கூட்டரின் கைப்பிடிப் பலகையை மூடிவிடலாம், அங்கேதான் மின்சார சமாசாரம் எல்லாம் இருக்கிறது. ஒரு மஞ்சப்பையும் வேண்டும், ஆனால் கைப்பிடியில் மாட்டாதீர்கள், திருப்பும்போது இழுக்கும். முன்கூடைக்குள் வையுங்கள்.

அப்புறம், கண்ணில் அடிக்கும் நிறத்தில் ரிப்பன். நாடகக் கொட்டகை வாசலில் ஒரே மாதிரி ஏழெட்டு வாடகை ஸ்கூட்டர்கள் நிற்கும். முதல் பயணத்தில் என் வண்டியை ஒரு பாட்டி அமைதியாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கூடையில் என் ஜபமாலை இருந்ததால் திரும்பி வந்தார்.

13. எடுத்துப்போகக் கூடாதவை: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி. ஸ்கேன் பண்ணும்போதே எடுத்து வைத்துக்கொண்டுவிடுவார்கள். எல்லாம் தீப் பயம். சார்ஜ் போடும் இடம் வண்டிக்கு எட்டவில்லை என்றால் கப்பல்காரர்களையே கேளுங்கள். மருத்துவத் தேவைக்கு அவர்களிடமே ஒயர் இருக்கும்.

14. நடைபாதையில் வண்டி நிறுத்தக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். கடலில் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு மட்டும் இல்லை, நெருப்புக்கும். புகை சூழ்ந்த ஒடுக்கமான பாதையில் நூறு பேர் ஓடும்போது ஒரு ஸ்கூட்டர் குறுக்கே நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கப்புறம் அந்த விதியைப் பற்றிப் புலம்பவில்லை.

15. துறைமுகத்துக்குப் போகும் நாளில் மாத்திரை, கண்ணாடி, ஒரு செட் மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும். வாசலில் கொடுத்த பெட்டி கேபினுக்கு வர மாலையாகலாம்.

16. ஏறியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் ‘கோஸ்டா கன்கார்டியா’ கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று புதிதாக ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனேயோ பயிற்சி என்று விதி மாறியது. ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் ஆபத்து என்று அர்த்தம்.

நமக்கு முக்கியமான கேள்வி, அந்த நேரத்தில் லிஃப்ட் இருக்காதே என்பதுதான். பயிற்சி நடத்துபவரிடம் நேராகக் கேளுங்கள்: எங்கள் கேபினுக்கு யார் வருவார்? எந்தப் படிக்கட்டு வழியாக, எதில் உட்காரவைத்து இறக்குவார்கள்? என் பெயர் பட்டியலில் இருக்கிறதா? பிலிப்பைன்ஸ்காரப் பையன் ஒருவன் பட்டியலைக் காட்டி, என் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தான். தப்பாகத்தான் வாசித்தான். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

17. வேகத் திருகில் ஒரு பக்கம் ஆமைப் படமும் மறுபக்கம் முயல் படமும் இருக்கும். கதையில் வருகிற மாதிரியேதான். லிஃப்ட், சாப்பாட்டுக் கூடம், கேபின் எல்லாவற்றிலும் ஆமை. திறந்த மேல்தளத்தில், காலை ஆறு மணிக்கு, யாரும் இல்லாதபோது முயல். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே இன்னொரு முறை போகலாம்.

18. லிஃப்டில் பின்பக்கமாக ஏறினால் முன்பக்கம் பார்த்து இறங்கலாம். நாடகக் காட்சி முடிந்த உடனே கிளம்பாதீர்கள், லிஃப்டில் கூட்டம் குறையும்வரை பத்து நிமிஷம் உட்கார்ந்திருங்கள். நாங்கள் போன கப்பலில் லிஃப்ட் தரைவிரிப்பில் அன்றைக்கு என்ன கிழமை என்று போட்டிருந்தது. கடலில் நாலு நாள் ஆனால் அது உண்மையிலேயே தேவைப்படுகிறது.

19. பஃபே சாப்பாட்டில் ஒரு கையில் தட்டு, ஒரு கையில் வண்டி என்று சாகசம் வேண்டாம். ஒரு ஊழியரைக் கூப்பிட்டு எது எது வேண்டுமென்று காட்டினால் மேசைக்கே கொண்டுவருவார். சைவம் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

20. வண்டி திடீரென்று நகரவில்லையா? பதறாமல் இதைப் பாருங்கள். பின்சக்கரத்தருகே ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் மோட்டார் விலகி, வண்டியைக் கையால் உருட்டலாம். யாராவது தெரியாமல் அதைத் தள்ளியிருப்பார்கள். சாவி, நாற்காலி சரியாகப் பூட்டியிருக்கிறதா, சிறிய ரீசெட் பொத்தான் வெளியே வந்திருக்கிறதா என்பவை அடுத்து.

இந்த நெம்புகோலைச் சரிவில் மட்டும் யாரையும் தொடவிடாதீர்கள். வழக்கமாக ஓட்டும் பிடியை விட்டால் வண்டி தானே பிரேக் போட்டு நிற்கும். நெம்புகோல் தள்ளிய நிலையில் அந்த பிரேக் கிடையாது. என் பேரன் “பாட்டி, நான் தள்றேன்” என்று உதவிக்கு வந்தபோது நாங்கள் கப்பலின் இறங்குபாலத்து உச்சியில் இருந்தோம். மாப்பிள்ளை பாய்ந்து பிடித்தார். அதிலிருந்து பாலத்தில் நான் இறங்கிக் கம்பியைப் பிடித்து நடக்கிறேன். ஊழியர் வண்டியைக் கொண்டுவருகிறார்.

21. “துறைமுகம்” என்று பயண அட்டையில் போட்டிருப்பதெல்லாம் ஒன்றில்லை. சில ஊர்களில் கப்பல் கரையோடு அணைந்து நிற்கும்: மெக்சிகோவின் கொசுமெல், பஹாமாஸின் நசாவ், ஜமைக்காவின் ஃபால்மத். சில ஊர்களில் நடுக்கடலில் நங்கூரம் போட்டு, ‘டெண்டர்’ என்னும் சிறு படகில் கரைக்கு அனுப்புவார்கள். கேமன் தீவின் ஜார்ஜ் டவுன் அப்படித்தான். அங்கே கப்பல் துறை கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் வாக்கெடுப்பே வைத்தார்கள். மக்கள் வேண்டாம் என்றார்கள். படகு அலையில் ஏறி இறங்கும். கனமான ஸ்கூட்டரை ஏற்ற மாட்டார்கள். கடல் கொந்தளித்தால் நம்மையும் ஏற்ற மாட்டார்கள். கடைசி வார்த்தை கேப்டனுடையது, வாதாடிப் பயனில்லை. டிக்கெட் போடும்போதே எத்தனை ஊர் டெண்டர் என்று எண்ணுங்கள். ஐந்தில் மூன்று என்றால் வேறு கப்பல் பாருங்கள்.

ஒன்றே ஒன்று என்றால் அது வரம். எல்லாரும் இறங்கிப் போன கப்பலில் லிஃப்ட் காலி, நூலகம் காலி, நீச்சல் குளம் காலி. பல கப்பல்களில் குளத்தில் இறக்கிவிடும் நாற்காலியும் உண்டு. ஜார்ஜ் டவுனைத் தூரத்திலிருந்து பார்த்தபடி கால்களை முழங்கால் வரை வெந்நீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

22. வேற்று நாட்டுக் கரையில் இறங்கிவிட்டால், அமெரிக்கச் சட்டத்தின் கை அங்கே நீளாது. நடைமேடையில் சரிவு இல்லாமல் படி இருக்கும். கடை வாசலில் இரண்டு படி இருக்கும். சுற்றுலா பஸ்ஸில் ஏற்றுமேடை உண்டா, அல்லது நாமே நாலு படி ஏற வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள். புவெர்ட்டோ ரிக்கோவின் பழைய சான் ஹுவான் அமெரிக்க ஆட்சிப் பகுதிதான், ஆனால் நீல நிறக் கல் பாவிய ஏற்றத் தெருக்களில் ஸ்கூட்டர் குலுக்குகிற குலுக்கில் பல் ஆடும். அலாஸ்காவில் வேறு சிக்கல்: கடல்மட்டம் ஒரே நாளில் பல மீட்டர் ஏறி இறங்குவதால் காலையில் சமமாக இருந்த இறங்குபாலம் மதியம் ஏணியாக நிற்கலாம்.

23. மணலில் ஸ்கூட்டரை இறக்காதீர்கள். புதையும், உப்பு மணல் மோட்டாருக்குள் போகும், காப்புத் தொகையும் போகும். கப்பல் கம்பெனிகளின் சொந்தத் தீவுகளில், உதாரணமாக டிஸ்னியின் காஸ்ட்அவே கேயில், பலூன் மாதிரி உப்பிய சக்கரம் வைத்த மணல் வீல்சேர்கள் தருகிறார்கள். குறைவாகத்தான் இருக்கும், முதல் ஆளாக இறங்குங்கள்.

24. தினமும் படுக்கும் முன் சார்ஜ் போடுங்கள், பாதி இருக்கிறதே என்று விடாதீர்கள். கப்பலின் கனமான தரைவிரிப்பில் பாட்டரி சீக்கிரம் இறங்கும்.

25. கடைசி நாள் காலை. வீல்சேர் உதவியை முந்தின நாளே வரவேற்பு மேசையில் சொல்லிவைத்து, எங்கே எத்தனை மணிக்குக் காத்திருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். திரும்பும் விமானம் மதியத்துக்கு மேல் இருக்கட்டும்; ஃபோர்ட் லாடர்டேலில் விமான நிலையம் துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான், ஆனாலும் வரிசை பக்கத்தில் முடியாது. ஸ்கூட்டரை எங்கே விடச் சொன்னார்களோ அங்கே விட்டு, சார்ஜரைக் கூடையில் வைத்து, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாவியை வண்டியிலேயே விடுங்கள். நான் பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டேன். அட்லாண்டா வந்து கைப்பையைக் கொட்டினால் கண்ணாடிக் கூட்டுக்கும் விபூதிப் பொட்டலத்துக்கும் நடுவில் கிடந்தது. கூரியருக்குப் பதினெட்டு டாலர்.